பன்னிரண்டு கை உப்பு

சீதைக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் குழம்பு வைத்தால் இறக்குவதற்கு முன் ஒரு தடவை, தட்டில் ஊற்றிய பின் ஒரு தடவை, "உப்பு சரியா இருக்கா?" என்று யாரிடமாவது கேட்டுவிட வேண்டும். புருஷன் பாண்டிமுருகன் வீட்டில் இருந்தால் அவரிடம். இல்லாவிட்டால் மகளிடம். மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுத் தேவிகாவிடம். உப்பு எப்போதும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் யாராவது விளையாட்டுக்கு "லேசாக் கம்மியோ" என்று இழுத்தால் போதும், பாதிச் சோற்றில் எழுந்து போய் உப்பு டப்பாவை எடுத்து வந்துவிடுவாள்.

பாண்டிமுருகன் தச்சு வேலைக்காரர். ஒரு நாள் அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"ஏன் சீத, இழைச்ச பலகையத் தூக்கிட்டு வந்து, வழவழன்னு இருக்கா, வழவழன்னு இருக்கான்னு தெனம் உங்கிட்ட நான் கேட்டா எப்புடி இருக்கும்?"

"கேளுங்க. தொட்டுப் பார்த்துச் சொல்றேன்."

"வெளங்கிரும்" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பாட்டைப் பார்த்தார்.

இத்தனைக்கும் அவள் சமையல் வேலைக்குப் போகிறவள். காரைக்குடியில் சேவுகப்பெருமாளின் சமையல் செட்டில் பதினோரு வருஷம். கல்யாணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் என்றால் காளையார்கோவில் வரைக்கும் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். பெண்களுக்கு அங்கே காய் நறுக்குவது, தேங்காய் துருவுவது, பாத்திரம் கழுவுவது என்று வேலை. சீதை மட்டும் நாலாவது வருஷத்தில் அடுப்புப் பக்கம் வந்துவிட்டாள். அவளாக வரவில்லை. ஒரு கல்யாணத்தில் சாம்பார் பார்க்கிற ஆளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. "ஏத்தா சீத, செத்த கிண்டிக்கிட்டு இரு" என்று சேவுகப்பெருமாள் துடுப்பைக் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு திரும்ப வாங்கவில்லை. பருப்பு வேகப் போடுவது, புளி கரைப்பது, பொடி போடுவது, தாளித்துக் கொட்டுவது எல்லாம் சீதை. உப்பைத் தவிர.

அந்தச் செட்டில் உப்பைத் தொட ஒருத்தருக்குத்தான் உரிமை. கல்லுப்பு மூட்டை சேவுகப்பெருமாளின் நாற்காலிக்குக் கீழே, வாய் கட்டி இருக்கும். அண்டா கொதி வந்ததும் "அண்ணே, உப்பு" என்று குரல் கொடுக்க வேண்டும். அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வருவார். ஒவ்வொரு கையாக அள்ளிப் போடுவார். அப்போது யாரும் பேசக்கூடாது, எண்ணிக்கை தவறிவிடும். பெரிய அண்டா சாம்பாருக்கு எட்டுக் கை. போட்டு ஒரு கொதி விட்டு, அகப்பையால் மொண்டு உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்ப்பார். வேண்டுமானால் இன்னும் அரைக் கை. பிறகு நாற்காலிக்குப் போய்விடுவார்.

"ஏண்ணே, அதையும் நாங்களே போட்டா என்ன?" என்று அய்யப்பன் ஒரு தடவை கேட்டான். அவன் பரிமாறுகிற ஆள். வாய் சும்மா இருக்காது.

"போடலாம்டா. சாப்புட்டவன் எந்திரிச்சு வந்து வைவான். அப்ப யாரு மொகத்தக் காட்டுறது? நீயா, அவளா? உப்புப் போட்டவன்தான் வசவு வாங்கணும். அத நான் வாங்கிக்கிறேன். நீ போய் வாளியக் கழுவு."

சரியான பேச்சுதான். குற்றம் சொல்ல முடியாது. அவர் கெட்ட மனுஷரும் இல்லை.

அவர் நக்கிப் பார்க்கிற நேரத்தில் சீதை துடுப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். ஆவி முகத்தில் அடிக்கும். அந்த ஆவியிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். 'இன்னும் அரைக் கை' என்று மனசுக்குள் சொல்வாள். அவர் அரைக் கை போடுவார். 'போதும்' என்பாள். அவர் திரும்பி நடப்பார். ஏழு வருஷமாக யாருக்கும் தெரியாமல் அவள் ஆடுகிற ஆட்டம் இது. இரண்டே இரண்டு தடவை அவள் 'அரைக் கை' என்று சொல்லியும் அவர் போடவில்லை. அந்த இரண்டு தடவையும் பந்தி ஓரமாகப் போய் எட்டிப் பார்த்தாள். இலை ஓரத்து உப்பைத் தொட்டுத் தொட்டுப் பிசைந்துகொண்டிருந்தார்கள். திரும்பி வந்து பேசாமல் பாத்திரத்தைத் தேய்த்தாள். தேவிகாவும் அதே செட்டில்தான் இருந்தாள். அவளிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால், "பார்றா, அக்காளுக்கு எம்புட்டு நெனப்பு" என்று சிரிப்பாள்.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். கணக்கு டீச்சர் கேள்வி கேட்பார். சீதைக்கு விடை தெரியும். கை தூக்கமாட்டாள். ஒருத்தி தப்பாகச் சொல்வாள், அடுத்தவள் சரியாகச் சொல்வாள், எல்லாரும் கைதட்டுவார்கள். சீதையும் தட்டுவாள். எட்டாம் வகுப்பில் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போய் அவளை நிறுத்தினார்கள். ஒரு டீச்சரும் வீடு தேடி வந்து, ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? இந்தப் பிள்ளைக்கு ஏதோ தெரியும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால்தானே.

ஒரு கல்யாணத்தில் கை கழுவ வந்த அம்மாள் ஒருத்தி, "இந்த வெண்டக்கா மண்டி யாரு வச்சது? எங்க வீட்டு ஆளுக மூணு தடவ வாங்குனாக" என்று கேட்டார். அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்து வைக்கிற அந்த மண்டியை வைத்தவள் சீதை. அவள் வாய் தானாகச் சொன்னது: "அண்ணன் வச்சதுங்க. நாங்க சும்மா ஒத்தாசைக்கு." அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழி முழுக்கத் தன்னையே வைதுகொண்டு போனாள்.

ஆசை இல்லாமல் இல்லை. சொந்தமாக ஒரு செட்டு வேண்டும். நாலைந்து பெண்கள். அவள் பெயரைச் சொல்லி ஊரார் கூப்பிட வேண்டும். பஸ்ஸில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இதையெல்லாம் நினைப்பாள். இறங்கியதும் முந்தானையை உதறுவது போல அதையும் உதறிவிடுவாள்.

கேட்டு வந்தவள் ராஜப்ரியா. தேவகோட்டை போகிற ரோட்டில் புதுவீடு கட்டியிருந்தாள். நிலையும் கதவும் பாண்டிமுருகன் செய்தது. வேலை நடந்த நாளில் அவருடைய தூக்குச்சட்டியிலிருந்து ஒரு வாய் ருசி பார்த்திருக்கிறாள். புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறித்ததும் நேரே கழனிவாசலில் இருந்த சீதையின் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"எரநூத்தம்பது இலைக்கா. மத்தியானச் சாப்பாடு மட்டும். நீங்கதான் செய்யணும்."

சீதை எழுந்து நின்றுவிட்டாள். "எதுக்குங்க நானு... சேவுகப்பெருமாள் அண்ணன்ட்டச் சொல்லிவிடட்டுங்களா?"

"அவருக்கு அன்னைக்குக் காளையார்கோவில்ல கல்யாணமாம். சும்மா இருந்தாலும் அவரக் கூப்புட மாட்டேன். நான் உங்களத் தேடித்தான் வந்தேன். மாமாகூட வேணாம்னுதான் சொன்னாக. பொம்பள ஆளு, தனியாச் செஞ்சதில்லன்னாக. நான்தான் பிடிவாதமா நிக்கிறேன்."

உள்ளே இருந்து பாண்டிமுருகன் குரல் வந்தது. "செய்வா, செய்வா. போய்ப் பத்திரிகை அடிங்க."

ராஜப்ரியா போனதும் சீதை அவரை முறைத்தாள். "உங்கள யாரு கேட்டா?"

"உன்னையக் கேட்டாக. நீதான் பதிலே சொல்லலயே."

சேவுகப்பெருமாளிடம் சொல்லாமல் போக முடியாது. சொன்னாள். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நிதானமாகப் பேசினார்.

"போய்ட்டு வா. நான் தடுக்கல. ஆனா ஒண்ணு பாத்துக்க. நல்லாப் போச்சுன்னா நீ தனியாளு. கெட்டுப் போச்சுன்னா எஞ்செட்டுல அடுப்புக்கு வர முடியாது. கெடுத்த கைன்னு ஊருக்குத் தெரிஞ்சப்பறம் அந்தக் கைய நான் அண்டாவுல விடக்கூடாதுல்ல? காய் நறுக்கலாம். அதுக்கு எப்பயும் எடம் இருக்கு."

அந்த இரண்டு வாரமும் அவளுக்கு அதுதான் பேச்சு. ஒரு அண்டா. ஒன்று தன் பெயர், இல்லாவிட்டால் அரிவாள்மனை. பாண்டிமுருகன் வேப்பங்கட்டையில் ஒரு துடுப்பு செதுக்கினார். அவள் உயரத்துக்கு அளவெடுத்தது போல இருந்தது. "பேரு வெட்டவா?" என்று உளியோடு கேட்டார்.

"ஐயய்யோ, வேணாம். பார்க்குறவுக சிரிப்பாக."

விழா அன்று காலை ஆறு மணிக்கெல்லாம் புதுவீட்டுக்குப் பின்னால் தகரப் பந்தலில் அடுப்புகள் எரிந்தன. தேவிகாவும் அய்யப்பனும் சேவுகப்பெருமாளிடம் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். இன்னும் நாலு பேர் தெரிந்த ஆட்கள். காலைப் பலகாரம் ஓட்டலிலிருந்து வந்துவிட்டது. அதனால் மதியச் சாப்பாட்டில் முழுக் கவனமும் வைக்க முடிந்தது. கூட்டு, பொரியல், மண்டி, ரசம், பாயசம் என்று ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. சின்னப் பாத்திரங்களுக்கு உப்புப் போடுவதில் அவளுக்குச் சிரமம் இல்லை. பேசிக்கொண்டே போட்டாள். பார்த்தால் சரியாக இருந்தது. இலை ஓரத்தில் வைக்கிற உப்புக்கு ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் ஒன்றரைக் கை அள்ளிப் போட்டு நிரப்பி அய்யப்பனிடம் கொடுத்தாள்.

பதினொரு மணி சுமாருக்குப் பெரிய அண்டாவில் சாம்பார் கொதி வந்தது. எல்லாரும் பழக்க தோஷத்தில் ஒரு நிமிஷம் நின்றார்கள். "அண்ணே, உப்பு" என்று சொல்ல ஆள் இல்லை. தேவிகா உப்புப் பையின் வாயை அவிழ்த்துச் சீதைக்கு முன்னால் வைத்தாள்.

சீதை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. எட்டுக் கை போட்டதும் நிறுத்தினாள். துடுப்பால் கிண்டிவிட்டுக் குனிந்தாள். ஆவி முகத்தில் பட்டது. 'போதாது.' இன்னும் இரண்டு கை போட்டாள். கிண்டினாள். 'இன்னும்.' மறுபடி இரண்டு. குனிந்தாள். 'போதும்.' உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தாள். புளியும் உப்பும் பருப்பும் அததன் இடத்தில் இருந்தன. அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. நல்ல சாம்பார். பதினோரு வருஷத்தில் வைத்ததிலேயே நல்ல சாம்பார்.

"அக்கா" என்றாள் தேவிகா, குரலை இறக்கி. "பன்னெண்டு போட்டுட்டீக."

"என்ன?"

"நானும் எண்ணிக்கிட்டே இருந்தேன். பன்னெண்டு கை. அண்ணன் எட்டுத்தானக்கா போடுவாரு? இதே அண்டாதான?"

அதே அண்டாதான். வாடகைப் பாத்திரக் கடையில் சேவுகப்பெருமாள் எப்போதும் எடுக்கிற அண்டா. அவளே கேட்டு எடுத்து வந்தது.

சீதை மறுபடி நக்கிப் பார்த்தாள். இப்போது நாக்கு ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை பார்த்தாள். கரிக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. "அய்யப்பா, இங்குட்டு வா. இதப் பாரு."

அய்யப்பன் கையை நீட்டினான். "என்னக்கா, பன்னெண்டா போட்டீக?" என்று கேட்டுக்கொண்டே நக்கினான். "ஆமாக்கா. தூக்கலாத்தான் தெரியுது."

காய் கழுவிக்கொண்டிருந்த இன்னொருத்தியையும் கூப்பிட்டாள். அவளுக்கும் பன்னிரண்டு காதில் விழுந்திருந்தது. முகத்தைச் சுளித்தாள். "கரிக்குதுக்கா."

எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நாலு கை. பாதிக்குப் பாதி அதிகம். எரநூத்தம்பது பேர். வாயில் வைத்ததும் துப்பினால்? அந்த ஆவி, அந்த நாக்கு, ஏழு வருஷத்து ஆட்டம் எல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. சேவுகப்பெருமாளின் எட்டு மட்டும் மண்டைக்குள் நின்றது.

"ரெண்டு கொடம் தண்ணி கொண்டா" என்றாள்.

தண்ணீர் ஊற்றினார்கள். அண்டா அடங்கிப் போனது. அது மறுபடி கொதித்து வருவதற்குள் முன்பக்கத்திலிருந்து ஆள் வந்துவிட்டது. "இலை போட்டாச்சு. மொதப் பந்தி. எங்க சித்தப்பா, சம்பந்தி வீட்டாளுக எல்லாரும் உக்காந்துட்டாக. சாம்பார எடுங்க."

சீதை பந்தலின் துணி மறைப்புக்குப் பின்னால் நின்று பார்த்தாள். முதல் வரிசையில் ராஜப்ரியாவின் மாமனார் தங்கச்சாமி. வெள்ளை வேட்டி, பெரிய மீசை, பெரிய குரல். வயல்காட்டில் இரண்டு கரைக்கும் கேட்கிற குரல். அய்யப்பன் அவர் இலையில் சாம்பாரை ஊற்றினான். அது சோற்றில் நிற்காமல் இலை விளிம்பு வரைக்கும் ஓடியது. அவர் கையால் அணை கட்டினார்.

"ஏப்பா, ரசம் அப்பறம் வாங்கிக்கிறேன். மொதல்ல சாம்பாரக் கொண்டா."

"சாம்பார்தான் அய்யா இது."

"இதுவா? பருப்பு எங்குட்டுப் போச்சு? அதுக்குப் பத்திரிகை வைக்கலயா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. பக்கத்தில் இருந்த பெரியவர், "கம்மாத் தண்ணி மாதிரி இருக்கு. மீனு விடலாம்" என்றார். ராஜப்ரியா சிரிக்கவில்லை. கையில் அப்பளக் கூடையோடு நின்றவள் முகம் சிவந்து மறைப்புப் பக்கம் பார்த்தாள். சீதை தலையை இழுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் அய்யப்பன் காலிக் கிண்ணத்தோடு ஓடி வந்தான். "அக்கா, உப்பு. ஆளாளுக்கு உப்புக் கேக்குறாக. கிண்ணம் காலி."

அவனே பைக்குள் கையை விட்டு ஒரு கை அள்ளிக் கிண்ணத்தில் போட்டான். கிண்ணம் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை நிரம்பியது. நாலு கல் கீழே சிந்தியது.

சீதை அந்தக் கிண்ணத்தையே பார்த்தாள். காலையில் அவள் நிரப்பிய கிண்ணம். அவளுக்கு ஒன்றரைக் கை பிடித்தது.

"அய்யப்பா, கையக் காட்டு."

"பந்தி நடக்குதுக்கா!"

"காட்டுடா."

அவன் கையை விரித்தான். அவள் பக்கத்தில் தன் கையை விரித்து வைத்தாள். அவள் விரல் நுனி அவன் விரல்களின் கடைசிக் கணுவோடு நின்றது.

"என்னக்கா, ரேகை பார்க்கப் போறீகளா?"

"அண்ணன் கை உன் கையவிடப் பெருசா?"

"அண்ணன் கையா? அது மம்பட்டில்ல" என்று சொல்லிவிட்டு அவன் கிண்ணத்தோடு ஓடினான்.

சீதை அடுப்பு ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். அவருடைய எட்டு அவளுக்குப் பன்னிரண்டு. ஒரு கல்கூடக் கூடுதல் இல்லை. சாம்பார் சரியாக இருந்தது. நாக்கு சரியாகச் சொன்னது. அவள்தான் அதன்மேல் இரண்டு குடம் தண்ணீரை ஊற்றினாள். ஏழு வருஷம் பக்கத்தில் நின்று அவர் போட்ட கைகளை எண்ணினாளே ஒழிய, ஒரு தடவைகூடத் தன் கையைத் திருப்பிப் பார்க்கவில்லை. தேவிகாமேல் கோபம் வரவில்லை. அய்யப்பன்மேல் வரவில்லை. வந்ததெல்லாம் தன்மேல்தான். அப்படி ஒரு ஆத்திரம். அந்தத் துடுப்பை எடுத்துத் தன் மண்டையிலேயே ஒரு போடு போடலாம் போல இருந்தது.

"அக்கா, ரெண்டாம் பந்திக்கு அரை மணி நேரம்தான் இருக்கு" என்றாள் தேவிகா. அவள் கண் கலங்கியிருந்தது. "நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்."

"நீ சொன்னா நான் ஊத்திரணுமா? போ. வீட்டுக்குள்ள மிக்ஸி இருக்கு. பொட்டுக்கடலையும் தேங்காயும் அரைச்சுக் கொண்டா. பெரிய ஏனம் நெறைய."

மிச்சம் இருந்த சாம்பாரைக் கொதிக்க விட்டு அரைத்ததைக் கரைத்து ஊற்றினாள். புளி கொஞ்சம், பொடி கொஞ்சம். கெட்டியாகி வந்தது. உப்புப் பைக்குள் கையை விட்டாள். ஒரு கை, இன்னொரு கை. தேவிகா பக்கத்தில் நின்றாள்.

"எண்ணாத, தேவிகா."

"எண்ணலக்கா."

"ஒதடு அசையுது. அங்குட்டுத் திரும்பி நில்லு."

தேவிகா திரும்பி நின்றாள். சீதை குனிந்து ஆவியை வாங்கினாள். அரைக் கை போட்டாள். ஒரே ஒரு தடவை நக்கிப் பார்த்தாள். மூடியை எடுத்துப் போட்டு மூடினாள். யாரையும் கூப்பிடவில்லை.

பழையபடி ஆகவில்லை. தண்ணீர் விட்டதைப் பொட்டுக்கடலையால் தேற்றியது, அவ்வளவுதான். ஆனால் உப்பு நின்றது. இரண்டாம் பந்தியில் ஒருத்தரும் உப்புக் கேட்கவில்லை. கொத்தனார் ஒருத்தர் சாம்பார் வாளியைத் தன் இலைக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்துக்கொண்டார். "சாம்பார் ஆத்துல போகுதுன்னு சொன்னாக, நல்லாத்தானய்யா இருக்கு" என்று எலக்ட்ரிக் வேலைக்காரர் சொன்னார். அந்த வீட்டைக் கட்டியவர்கள், பெயிண்ட் அடித்தவர்கள், அக்கம்பக்கத்துக்காரர்கள். ஊரில் விருந்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்கள். அவர்கள் வாயில் அந்தத் தண்ணீர்ச் சாம்பார்தான் இருக்கும். அதை இனி எந்த உப்பைப் போட்டும் சரி பண்ண முடியாது.

மூன்று மணிக்கு ராஜப்ரியா பின்பக்கம் வந்தாள். பட்டுச்சேலை கசங்கியிருந்தது.

"அக்கா, என்ன ஆச்சு?"

அய்யப்பன் முந்திக்கொண்டான். "பருப்பு சரியில்லம்மா. கடைக்காரன் பழைய..."

"பருப்பு நல்ல பருப்பு" என்றாள் சீதை. தலையைக் குனிந்துதான் பேசினாள். ஆனால் பேசினாள். "சாம்பார் நல்லாத்தான் வந்துச்சு. உப்புக் கூடிப்போச்சுன்னு நானா பயந்து தண்ணிய ஊத்திட்டேன். ஆனா உப்புக் கூடல. மொதப் பந்தியக் கெடுத்ததும் நான்தான். ரெண்டாம் பந்திக்குத் தேத்துனதும் நான்தான். வேற யாரும் இல்ல."

ராஜப்ரியா முன்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்காக. உங்களச் சொல்லலக்கா, என்னையத்தான். நான்தான பிடிவாதமா நின்னேன்." பெருமூச்சு விட்டாள். "அடுத்த மாசம் எங்க அக்கா மகளுக்குக் காதுகுத்து. உங்களச் சொல்லணும்னு இருந்தேன். பார்ப்போம்க்கா."

பார்ப்போம் என்றால் என்ன என்று சீதைக்குத் தெரியும். ராஜப்ரியா இரண்டு எட்டு போய்த் திரும்பி, "மண்டி நல்லா இருந்துச்சு" என்றாள். அதுதான் இன்னும் வலித்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து துடுப்பைக் கழுவிக் கதவோரம் சாத்தினாள். பாண்டிமுருகன் வெளியூர் வேலையிலிருந்து வந்திருந்தார். அவருக்கும் செய்தி தெரிந்திருந்தது. துடுப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"பேரு வெட்டவா?"

"ஆமா, வெட்டுங்க. சாம்பாருக்கு ரெண்டு கொடம் தண்ணி ஊத்துனவன்னு வெட்டுங்க."

அவள் அடுப்பைப் பற்ற வைத்து, கத்தரிக்காயை நறுக்கி, புளிக்குழம்பு வைத்தாள். போன் அடித்தது. சேவுகப்பெருமாள், காளையார்கோவிலிலிருந்து.

"என்னத்தா, சாம்பார்ல மீனு விடலாம்னாகளாம்ல?"

அவள் கரண்டியால் குழம்பைக் கிண்டிவிட்டாள்.

"சரி, விடு. அழுவாத. உப்பு ஒன் வேல இல்லன்னு நான் எப்பயோ சொன்னதுதான. வியாழக்கிழமை தேவகோட்டையில ஐந்நூறு இலை. காலையில வண்டி வரும். அருவாமனைய எடுத்துக்கிட்டு வந்துரு."

'சரிண்ணே' என்பது அவள் வாய் வரைக்கும் வந்துவிட்டது. பதினோரு வருஷம் சொல்லிப் பழகிய வாய்.

"காய் நறுக்க வரலண்ணே."

"பெறகு?"

"ஒரு அடுப்ப முழுசா எங்கிட்ட விடுங்க. சாம்பாரோ ரசமோ, எதுன்னாலும் சரி. உப்பும் நானே போடுறேன். வசவும் நானே வாங்கிக்கிறேன். அப்படின்னா வாரேன்."

"இன்னைக்கு வாங்குனது பத்தலயாக்கும்?"

"இன்னைக்கு உங்க கைய எண்ணித்தாண்ணே கெட்டேன். என் கைக்குப் போட்டது சரியாத்தான் இருந்துச்சு."

மறுபக்கம் மண்டபத்தில் யாரோ பாத்திரத்தை இழுக்கிற ஓசை கேட்டது. "என்னமோ ஒளர்ற. போயித் தூங்கு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அவருக்கு எப்படிப் புரியும்? அவர் கையை இன்னொருத்தர் கையோடு வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே அவருக்கு வந்ததில்லை. சீதை போனைக் கீழே வைத்தாள். வியாழக்கிழமை வேலை இல்லை. அடுத்த மாசம் காதுகுத்து இல்லை. இனி ஒருத்தர் தேடி வருவாரா என்று தெரியவில்லை. வந்தாலும், அந்தக் கம்மாத் தண்ணிக் கதையைத் தாண்டித்தான் வர வேண்டும். கையில் வந்த ஒரே ஒரு அண்டா. அதையும் இப்படியா விடுவாள் ஒருத்தி?

குழம்பை இறக்கினாள். இரண்டு தட்டில் சோற்றைப் போட்டு ஊற்றினாள். உட்கார்ந்தாள்.

பாண்டிமுருகன் பிசைந்து ஒரு வாய் வைத்துவிட்டு அவள் கேட்பதற்காகக் காத்திருந்தார். அவள் கேட்கவில்லை. அவர் இரண்டாவது வாயும் வைத்தார். ஓரக்கண்ணால் பார்த்தார்.

"உப்பு லேசாக் கம்மியோ?"

"இல்ல" என்றாள் சீதை. "சரியா இருக்கு."

உப்பு டப்பா கை எட்டுகிற தூரத்தில், அடுப்பு மேடையில்தான் இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. அவர் மூன்றாவது வாய்க்குப் பிசைந்தார்.